காலண்டரில் தண்ணீர்க் கணக்கு எழுதிய அத்தைக்கும் உடன் நின்ற எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கு,

வணக்கம்.

வேலூர் மாவட்டத்தில் பாலாற்றை ஒட்டிய சின்ன ஊர் நம்முடையது. கீழத்தெருவில் தையல் மிஷின் போட்டுப் பிழைக்கிறவள் நான். போன வாரம் நம் ஊர்ப் போரில், அதாவது ஆழ்துளைக் கிணற்றில், புது மோட்டார் இறக்கினார்கள். அதிலிருந்து விடியற்காலை ஐந்தரை மணிக்கெல்லாம் குழாயில் தண்ணீர் வந்துவிடுகிறது. முதல் குடம் நிரம்பின சத்தம் கேட்ட அன்றே, மோட்டார் ரிப்பேர் பில்களைக் கேள்வி கேட்க உடன் நின்ற உங்களுக்கு நன்றி சொல்ல இதை எழுத உட்கார்ந்தேன். வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டேன்தான், ஆனாலும் எழுத்தில் சொன்னால்தான் என் மனசு ஆறும். யாருக்கும் தொல்லை வந்துவிடக் கூடாது என்று பெயர் எதையும் எழுதவில்லை. படிக்கும்போது அது நீங்கள்தான் என்று உங்களுக்கே தெரியும்.

ஆற்றங்கரையில் இருந்துகொண்டு குடிதண்ணீருக்கு அலைவீர்களா என்று வெளியூர் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். பாலாற்றில் தண்ணீர் போவதையே அதிசயமாகப் போய்ப் பார்க்கிறவர்கள் நாம். 2021 நவம்பரில் இரு கரையும் புரண்டு ஓடியது, நம் பிள்ளைகளில் பாதிப் பேர் அன்றைக்குத்தான் ஆற்றில் வெள்ளத்தைப் பார்த்தார்கள். மற்ற நாளெல்லாம் மணல்தான். நமக்குக் கதி போர் தண்ணீர். அந்த மோட்டார் ஓடினால் சமையல், ஓடாவிட்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊர்.

இரண்டு வருஷம் இப்படியே போனது. கேட்கும்போதெல்லாம் மோட்டாருக்குள் சுற்றியிருக்கிற கம்பியை, அதாவது காயிலைச் சொல்லி, ஒரே பதில்தான். "மோட்டார்ல அடிக்கடி காயில் போயிடுதும்மா, ரிப்பேருக்கே ஊராட்சி நிதி கரையுது." 2023 ஆகஸ்ட் 15 கிராம சபையிலும் இதையே சொன்னார்கள். நான் நம்பினேன். தெருவில் பாதிப் பேர் நம்பினோம். நம்பாமல் என்ன செய்வது? 2016 அக்டோபரில் பழைய ஊராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. 2019 டிசம்பரில் மற்ற மாவட்டங்களில் ஊராட்சித் தேர்தல் நடந்தபோது, நம் மாவட்டத்தை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பிரித்திருந்ததால் இங்கே நடக்கவில்லை. 2021 அக்டோபரில்தான் நடந்தது. ஐந்து வருஷம் தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாமல், அரசு போட்ட தனி அலுவலர் கையில் இருந்த ஊரில், எழுந்து நின்று கணக்குக் கேட்கிற பழக்கமே விட்டுப்போயிருந்தது.

முதல் நன்றி ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கு. பெண்ணின் சாதிச் சான்றிதழ் நகல் எடுக்கப் போன இடத்தில் நான் புலம்பியதைக் கேட்டு, நீதான் போனில் ஊராட்சிக் கணக்குகளைப் போடுகிற இ-கிராம் ஸ்வராஜ் என்ற அரசுத் தளத்தைத் திறந்து, மத்திய அரசு நம் ஊராட்சிக்குக் கொடுக்கிற நிதிக்குழு மானியத்தின் செலவைக் காட்டினாய். மோட்டார் பழுது, மோட்டார் பழுது என்று வந்துகொண்டே இருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலாகச் சந்தேகம் தட்டியது. அதற்குப் பிறகு எத்தனை மனு அடித்துக் கொடுத்தாய், ஒரு ரூபாய் வாங்கவில்லை. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பைக்கூட நீயே வாங்கி ஒட்டினாய்.

அடுத்தது நம் வாத்தியார் ஐயா. ஐயா, நான் எழுதிய முதல் மனுவை நீங்கள் கிழித்துப் போட்டது நினைவிருக்கிறதா? "ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்று நான்கு கேள்வி எழுதியிருந்தேன். "ஏன்னு கேட்டா பதில் வராதும்மா. நகல் கேளு. பில் நகல், வவுச்சர் நகல், தீர்மான நகல். அதைக் கொடுத்துத்தான் ஆகணும்" என்று சொல்லி, தகவல் உரிமைச் சட்டத்தை ஒரு பாடம்போல் எனக்கு நடத்தினீர்கள். முப்பது நாள் போயும் பதில் வராதபோது நான் சோர்ந்தேன், நீங்கள் சோரவில்லை. மேல்முறையீடு போட்டோம். பிறகு நகலுக்குப் பணம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. கெடு தாண்டிவிட்டால் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று 7-ஆம் பிரிவின் 6-ஆம் உட்பிரிவைக் காட்டி எழுதவைத்தீர்கள். பத்தாம் நாள் தபால்காரர் தடிமனான உறையோடு வந்து நின்றார்.

ஒருநாள் நான் பயந்து அழுதபோது நீங்கள் சொன்னதை மறக்க மாட்டேன். தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றில் கலந்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கை எடுத்துச் சொன்னீர்கள். 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் எழுதினார்கள். "இந்த ஜில்லாக்காரன் தண்ணிக்காகப் போட்ட கேஸும்மா அது. நாடு முழுக்க இன்னும் அதைச் சொல்றாங்க. நீ உன் தெருக் குழாய்க்குக் கேட்கப் பயப்படலாமா?" அதற்குப் பிறகு நான் அழவில்லை ஐயா.

உறையில் ஏழு பில். பதினான்கு மாதத்தில் ஏழு தடவை மோட்டாரை மேலே தூக்கிக் காயில் கட்டியதாகக் கணக்கு. நம் போர் மெக்கானிக் அண்ணன் அதை வாங்கி, தேதியை விட்டுவிட்டு பில் நம்பரைப் பார்த்தார். ஐந்து பில்களின் நம்பர் வரிசையாக இருந்தது. முதல் பில்லுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே ஒன்பது மாதம்! "ஒன்பது மாசமா அந்தப் பட்டறைக்கு வேற ஒரு கிராக்கியும் வரலியா?" என்று கேட்டுவிட்டு, மோட்டாரைத் தூக்கிக் காயில் கட்டித் திரும்ப இறக்க எத்தனை நாள் ஆகும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஊராட்சி வேலை இனிமேல் தனக்குக் கிடைக்காது என்று தெரிந்தே போட்டார்.

ஆனால் பில் நம்பரை வைத்துச் சந்தேகப்படலாம், அந்த நாட்களில் மோட்டார் ஓடியது என்று எப்படிக் காட்டுவது? அங்கேதான் நின்றோம்.

அத்தை, இப்போது உங்களிடம் வருகிறேன். அன்று சாயங்காலம் உங்கள் திண்ணையில் உட்கார்ந்து இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே கேட்டீர்கள். பிறகு முறத்தை இறக்கி வைத்து உள்ளே போய், டிரங்குப் பெட்டிக்கு அடியிலிருந்து பழைய மாதக் காலண்டர்களை எடுத்து வந்தீர்கள். பேரப்பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போட எடுத்து வைத்தவை. பால் பாக்கெட்டுக்கு ஒரு கோடு. பீடி போட்ட நாளில் எத்தனை ஆயிரம் என்ற எண். கேஸ் வந்த நாளுக்கு ஒரு 'கே'. தண்ணீர் வந்த நாளில் தேதிக்குக் கீழே சின்ன வட்டம், முறைநாளில் வராமல் போனால் பெருக்கல் குறி. இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட விடவில்லை நீங்கள்.

பில்லையும் காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மார்ச் 11-ல் மோட்டாரை வெளியே எடுத்து 15-ல் திரும்ப இறக்கியதாக ஒரு பில். உங்கள் காலண்டரில் 11, 13, 15 மூன்றிலும் வட்டம். "வெளிய எடுத்து வெச்ச மோட்டாரு எப்டிமா தண்ணி உட்டுச்சி?" என்று நீங்கள் கேட்டதைத்தான் பிறகு விசாரணையிலும் கேட்டோம். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. ஏழில் இரண்டு பில் தேதிகளில் பெருக்கல் குறி வரிசையாக இருந்தது. அந்த இரண்டும் உண்மையான ரிப்பேர். அதை மனுவிலேயே எழுத வேண்டும் என்று வாத்தியார் ஐயா பிடிவாதமாக இருந்தார், எழுதினோம். நம் மனுவை அதிகாரிகள் மதித்ததற்கு அதுவும் காரணம் என்று நினைக்கிறேன்.

தண்ணீர் விடுகிற அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. டேங்க் ஆபரேட்டர் சம்பளம் எவ்வளவு என்று ஊருக்கே தெரியும். அதை நம்பி நான்கு வயிறு. "என் கை படாம அந்த மோட்டார மேல தூக்க முடியாது. ரெண்டு தபாதான் தூக்கினோம்" என்று எழுத்தில் கொடுத்தீர்கள். அடுத்த மாதமே உங்கள் சம்பளம் நின்றது. அண்ணி என் கடைக்கு வந்து வாசலில் நின்று, "உங்க தண்ணிக்கு எங்க சோத்த எடுத்துட்டீங்களே" என்று கேட்டார். அண்ணி சொன்னதில் தப்பே இல்லை. தெருவில் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு அரிசி, பருப்பு வாங்கிக் கொண்டுபோனோம், முதலில் வாங்க மறுத்தார். மூன்று மாதம் கழித்துச் சம்பளம் சேர்த்து வந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. அண்ணி, மன்னித்துவிடுங்கள். நீங்கள் பட்ட கஷ்டம் எனக்கு மறக்காது.

நூறு நாள் வேலைக்குப் போகிற அக்காமார்களே, 2024 ஜனவரி 26 கிராம சபைக்கு வந்தால் வேலை அட்டை போய்விடும் என்று உங்களை மிரட்டினார்கள். வந்தீர்கள். நம் ஊர் மக்கள்தொகைக்கு நூறு பேர் இருந்தால்தான் சபை செல்லும், அன்று அதற்கு மேலேயே இருந்தோம். தீர்மானத்தை எழுதிப் படித்துக் காட்டினால்தான் நோட்டில் கையெழுத்து என்று முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டீர்கள். எந்த வருஷமும் கையெழுத்து முதலிலும் தீர்மானம் பிறகும்தான். அன்றைக்கு மாறியது.

சாத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸுக்கு நான்கு திங்கட்கிழமை போனோம். வெயிலில் நின்றதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, எல்லோரும் நிற்கிறார்கள். அங்கே நம் மனுவை முழுதாகப் படித்து, விசாரணைக்கு எழுதிய அந்த அலுவலருக்கும், ஊருக்கு வந்து போர் அருகில் நின்று அத்தையிடம் ஒரு மணி நேரம் பேசி, கண்டதைக் கண்டபடி அறிக்கையில் எழுதிய அம்மையாருக்கும் நன்றி. கலெக்டர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர் என்று சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சட்டம் நம் தெரு வரைக்கும் வந்து சேர்ந்தது உங்கள் இருவராலும்தான்.

ஐந்து பில் பணத்தையும் திரும்பக் கட்டச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. ஒருவர் தற்காலிகப் பணிநீக்கத்தில் இருக்கிறார். மற்றவர்கள் மேல் விசாரணை நடக்கிறது, அது முடியும்வரை அவர்களைப் பற்றித் தெருவில் நாம் யாரும் தீர்ப்பு சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் நம் பள்ளியில்தான் படிக்கிறார்கள்.

அத்தை, உங்கள் காலண்டர்கள் இன்னும் அந்த ஃபைலில்தான் இருக்கின்றன. நகல் தருகிறோம் என்றார்கள், அசல்தான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். விசாரணை முடிந்த அன்றே நானே போய் வாங்கி உங்கள் கையில் கொடுக்கிறேன். அதுவரை பேரப்பிள்ளைகளின் நோட்டுக்கு என் கடையில் இருக்கிற பிரவுன் தாளில் அட்டை போட்டுத் தருகிறேன், அனுப்பி வையுங்கள்.

என்றும் நன்றியுடன்,
கீழத்தெரு தையல்கடைக்காரி