எதிரே இருப்பவர் பேசாமல் இருந்தால்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். முட்டி வலி மட்டும் என்னைவிட்டுப் பிரிய மனமில்லாமல் கூடவே இருக்கிறது. 19 வருடம் ஒரே நாற்காலியில் இருந்துவிட்டு மறுபடி இன்டர்வியூவுக்குப் போவது, இந்த வயதில் பள்ளிக்கூட பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்காருவது போல இருக்கிறது என்று எழுதியிருந்தாய். ஆனால் என் கண்ணில் நின்றது கடைசி வரிதான்: “நான் பதில் சொல்லி முடித்த பிறகும் எதிரே இருப்பவர் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் என்ன செய்வது?” மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பழகியவன் என்ற முறையில் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நிறையப் பேர் கவிழ்வது அந்த மௌனத்தில்தான். சாதாரணப் பேச்சில் ஒருவர் கேட்டு நிறுத்துவதற்கும் மற்றவர் பதில் சொல்லத் தொடங்குவதற்கும் நடுவே சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் இடைவெளி. 2009-ல் பத்து மொழிகளின் பேச்சை அளந்து பார்த்தவர்கள், மொழிக்கு மொழி கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் எல்லாம் அதை ஒட்டியே இருப்பதைக் கண்டார்கள். அந்த வேகத்துக்குப் பழகிய காதுக்கு நான்கு நொடி மௌனம் என்றால் யுகம். ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் போல என்று வாய் தானாகத் திறந்துகொள்கிறது. “அப்படித்தான் செலவைக் குறைத்தோம்” என்று அழகாக முடித்தவர், “ஆனால் என்ன, ஆறு மாதத்தில் பழையபடி ஏறிவிட்டது” என்று கேட்காமலே சேர்த்துவிடுவார். அந்த இரண்டாவது வாக்கியம்தான் குறிப்பில் ஏறும்.

அந்தப் பக்கம் என்ன நடக்கிறது தெரியுமா? பெரும்பாலும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஒழுங்காக நடத்தப்படும் இன்டர்வியூவில் எல்லோருக்கும் ஒரே கேள்விகள். ஒவ்வொரு பதிலுக்கும் 1 முதல் 5 வரை மார்க், பக்கத்தில் காரணம். அதை எழுத நேரம் வேண்டுமே. வேண்டுமென்றே சும்மா இருந்து ஆழம் பார்ப்பவர்களும் உண்டு, ஆனால் குறைவு. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். பதிலை முடித்ததும் வாயை மூடிக்கொள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணு. பேனா ஓடினால் இன்னும் பொறு. பேனாவும் ஓடவில்லை, அவரும் பேசவில்லை என்றால், “இதில் ஏதாவது ஒரு பகுதியை விரிவாகச் சொல்லட்டுமா?” என்று கேட்டு நிறுத்திவிடு. பந்து அவர் பக்கம் போய்விடும்.

இதற்கு மறுபக்கம், நீ மௌனமாகிவிடுவது. கேள்வி காதில் விழுகிறது, தலைக்குள் ஒன்றுமே இல்லை. பதிலை வரிக்கு வரி மனப்பாடம் செய்தவர்களுக்குத்தான் இது அதிகம் நடக்கும். நடுவில் ஒரு சொல் நழுவினால் மீதி முழுக்க அதோடு போய்விடும். அதனால் பதில்களை எழுதி வைக்காதே. சம்பவங்களை எழுதி வை. வேலையில் நடந்தவற்றில் ஆறேழு போதும்: ஒரு சச்சரவு, நீ செய்த ஒரு தவறு, நெருக்கடியில் முடித்த ஒரு வேலை, ஒரு மாற்றம், உனக்குத் தெரியாத ஒன்றைக் கற்றுக்கொண்டது, மேலதிகாரிக்கு மறுப்புச் சொன்னது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன அட்டை. அதில் நான்கைந்து சொல் மட்டும்: சிக்கல் என்ன, உன் பங்கு என்ன, என்ன செய்தாய், எண்ணில் என்ன மாறியது. கேட்கிற கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த ஆறேழில் ஒன்றைத் திருப்பிப் போட்டாலே பதிலாகிவிடும்.

ஒன்றைக் கிட்டத்தில் காட்டுகிறேன். “உடன் வேலை செய்பவரோடு கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள்?” என்பது கட்டாயம் வரும். “நான் எல்லோரோடும் அனுசரித்துப் போகிறவன்” என்றால் மார்க் போட அதில் ஒன்றுமே இல்லை. அதற்குப் பதில் இப்படி இருந்தால்: “மாதக் கணக்கை 3-ம் தேதி முடிக்க வேண்டும். விற்பனைப் பிரிவு பில்களை 2-ம் தேதி மாலை ஒரே கட்டாகத் தரும். கடிதம் எழுதிச் சண்டை போடுவதை நிறுத்திவிட்டு நேரில் போய்க் கேட்டேன். சரக்கு போய்ச் சேர்ந்த ரசீது வரும்வரை எல்லா பில்லையும் நிறுத்தி வைக்கிறார்கள் என்று தெரிந்தது. ரசீது வந்தவற்றை 28-ம் தேதியே தருவது, மிச்சத்தை மட்டும் 2-ம் தேதி தருவது என்று பேசி முடித்தேன். 5 நாள் இழுத்த கணக்கு 3 நாளில் முடிந்தது.” கடிகாரத்தை வைத்துப் படித்துப் பார், ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். மேலும் கேட்டால் விரிக்கலாம். எந்தப் பதிலும் இரண்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். அதற்கு மேல் கேட்கிறவர் தலையாட்டுவார், கேட்க மாட்டார்.

அதில் “கேட்டேன்”, “முடித்தேன்” என்று இருப்பதைக் கவனித்தாயா? நம் ஆட்களுக்கு “நான்” என்று சொல்லவே நாக்கு கூசும். “செய்தோம், முடித்தோம்” என்றே பேசிப் பழகிவிட்டோம். மார்க் போடுகிறவருக்கு அந்த “தோம்”-இல் உன் பங்கு எவ்வளவு என்று பிரிக்கத் தெரியாது. சேர்ந்து செய்ததைச் சேர்ந்து செய்ததாகவே சொல், ஆனால் நீ செய்த துண்டை “நான்” என்று பிரித்து வை. அது பெருமை அடிப்பது ஆகாது.

இவ்வளவும் தயாராக இருந்தும் மூளை வெறுமையாகிவிட்டால், கேள்வியை உன் வார்த்தையில் திருப்பிச் சொல்லு. “ஒரு திட்டம் பாதியில் நின்றபோது நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்கள், சரிதானே?” அதற்குள் பத்து நொடி கிடைக்கும். அதுவும் போதாவிட்டால், “ஒரு நிமிடம் யோசித்துச் சொல்கிறேன்” என்று சொல்லிவிட்டு யோசி. தண்ணீர் குடி. சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளும் அரை நிமிடத்தை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. சொல்லாமல் விழிப்பதுதான் எதிரே இருப்பவரையும் நெளிய வைக்கும்.

இன்னொரு சங்கடம்: உள்ளே நுழைந்ததும் தெரிந்துவிடும், அவர் உன் பயோடேட்டாவைப் பார்க்கவே இல்லை. ஒரு கூட்டத்திலிருந்து எழுந்து நேரே வந்திருப்பார். “உங்களைப் பற்றிச் சொல்லுங்களேன்” என்பார். பாதி நேரம் அது கேள்வியே இல்லை, நீ பேசும்போது அவர் தாளைப் புரட்டிக்கொள்ளலாம் என்பதற்காகத்தான். பிறந்த ஊரில் தொடங்காதே. இப்போது என்ன வேலை, அதில் எந்தத் துண்டு இந்த வேலைக்குப் பொருந்தும், ஏன் இங்கே வந்தாய். ஒன்றரை நிமிடம். பயோடேட்டா அச்செடுத்து மூன்று பிரதி கையில் வைத்துக்கொள். ஒன்றை மேசையில் அவர் பக்கம் திருப்பி வைத்தால் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும் பார்.

பழைய வேலையை விட்ட காரணத்தைக் கேட்பார்கள். உன் பிரிவையே மூடிவிட்டார்கள் என்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? “பிரிவு மூடப்பட்டது, அதில் நானும் ஒருவன். அதன்பின் இந்தச் சில மாதத்தில் இன்னது படித்தேன்.” இரண்டு வாக்கியம், முற்றுப்புள்ளி. மூன்றாவது வாக்கியம் எப்போதும் புலம்பலாகத்தான் போகும். பழைய மேலாளர் எப்படிப்பட்டவர் என்று கொக்கி போட்டாலும் சிக்காதே. தேதிகளில் மட்டும் விளையாடாதே. சேர்ந்த மாதமும் விலகிய மாதமும் சான்றிதழோடு ஒத்துப்போக வேண்டும். ஆஃபர் கொடுத்த பிறகு சரிபார்ப்பில் ஒரு மாதம் இடித்தாலும் பெரிய வம்பு.

சம்பளத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் “இந்த வேலைக்கு என்ன வரம்பு வைத்திருக்கிறீர்கள்?” என்று கேள். சொல்லியே தீர வேண்டும் என்றால் நீயும் ஒரு வரம்பைச் சொல், ஆனால் கீழ் எண் நீ மனதார ஏற்கும் தொகையாக இருக்கட்டும். கேட்கிறவர் காதில் விழுவது அது மட்டும்தான்.

வயதையோ குடும்பத்தையோ தோண்டுகிற கேள்வி வந்தால், அதற்குப் பின்னால் இருக்கும் கவலைக்குப் பதில் சொல். “இந்த வயதில் இளைஞர்கள் கீழே வேலை செய்ய முடியுமா?” என்றால், “யாரிடமிருந்து வேலை வாங்கிக்கொள்வது என்பதில் எனக்குச் சிக்கல் இல்லை, என்ன முடிக்க வேண்டும் என்பது தெளிவாக இருந்தால் போதும்.” அவ்வளவுதான். அதே கேள்வியை மூன்று பேர் மூன்று விதமாகக் கேட்டால், அந்த இடத்தைப் பற்றி நீ ஒரு முடிவுக்கு வந்துவிடலாம்.

புதிர் கேள்விகளுக்குப் பயப்படுகிறாய். அந்த வியாதி பழசு. 1921-ல் தாமஸ் எடிசன் வேலைக்கு வந்தவர்களுக்கு நூற்றுக்கு மேற்பட்ட பொது அறிவுக் கேள்விகளை நீட்டினார். அது பத்திரிகையில் வெளியாகி ஊரே சிரித்தது. பிறகு மென்பொருள் கம்பெனிகள் சாக்கடை மூடி ஏன் வட்டமாக இருக்கிறது என்று கேட்கத் தொடங்கின. (எந்தப் பக்கம் திருப்பினாலும் விட்டம் ஒன்றே, அதனால் உள்ளே விழாது.) அப்படிக் கேட்டதில் பெயர்போன கூகுளே, புதிர்கள் நேர விரயம், எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்று 2013-ல் தன் மனிதவளத் தலைவர் வாயால் ஒப்புக்கொண்டது. ஆனாலும் மதிப்பிடும் கேள்விகள் இன்னும் வரும். விடையைவிட வழியைத்தான் பார்ப்பார்கள், எனவே வாய்விட்டுக் கணக்குப் போடு.

உதாரணமாக, தரைத்தளம் போக 10 மாடி உள்ள அலுவலகத்துக்கு எத்தனை லிஃப்ட் வேண்டும்? மாடிக்கு 60 பேர் என்று வைத்துக்கொள்கிறேன் என்று சொல், மொத்தம் 600. காலையில் அரை மணிக்குள் எல்லோரும் ஏற வேண்டும். லிஃப்டில் 12 பேர், போய்த் திரும்ப இரண்டரை நிமிடம். அரை மணியில் 12 நடை, ஒரு லிஃப்ட் 144 பேரை ஏற்றும். நான்கு லிஃப்ட் என்றால் 576, எனவே ஐந்து வேண்டும். அங்கே நின்றுவிடாமல், எந்த ஊகம் மாறினால் விடை மாறும் என்றும் சொல்: வரும் நேரத்தை ஒரு மணிக்குப் பரப்பினால் ஒரு லிஃப்ட் 288 பேரை ஏற்றும், மூன்று போதும். இரண்டு வைத்துவிட்டு மிச்சம் 24 பேரைப் படியேறச் சொல்லலாம் என்றால் சிரித்துக்கொண்டே மார்க் போடுவார்கள்.

முதல் சுற்று வீடியோவில் என்று எழுதியிருந்தாய். அதில் சங்கடத்துக்கு முக்கால்வாசிக் காரணம் ஒலி தாமதமாக வருவது. அவர் மூச்சு வாங்க நிறுத்துவது உனக்கு முடித்தது போலத் தெரியும். நீ தொடங்கும்போது அவரும் தொடங்குவார். இருவரும் “சொல்லுங்க, சொல்லுங்க” என்பீர்கள். கேள்வி முடிந்ததும் ஒரு முழு நொடி விட்டுப் பேசு. மோதிவிட்டால் நீ நிறுத்து. ஸ்பீக்கர் வேண்டாம், ஹெட்போன் போடு, இல்லாவிட்டால் அவர் குரல் அவருக்கே எதிரொலிக்கும். கேமரா கண் உயரத்துக்கு வர லேப்டாப்புக்கு அடியில் நாலு தடிப் புத்தகம். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் நிழலாகிவிடும், எதிரே இருக்கட்டும். முந்தின இரவே கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போடு, அப்டேட் எல்லாம் அப்போதே முடியட்டும். இணையம் போனால் மாற போனில் ஹாட்ஸ்பாட் தயாராக இருக்கட்டும். திரையைப் பகிரச் சொல்வார்கள். வாட்ஸ்அப்பை மூடிவிட்டுப் பகிர். பேரன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தால் “மன்னியுங்கள்” என்று ஒரே சொல், மைக்கை மியூட் செய், அனுப்பிவிட்டு வா. அதற்கு இரண்டு நிமிடம் விளக்கம் சொன்னால்தான் அது சம்பவமாகும்.

மூன்று பேர் உட்கார்ந்தால் ஒருவர் கடுகடுவென்று இருப்பார், கணக்கு அப்படி. கேட்டவரைப் பார்த்துத் தொடங்கி, நடுவில் மற்ற இருவரையும் பார்த்து, கேட்டவரிடமே முடி. கடுகடுப்பவரை மட்டும் சமாதானப்படுத்தப் போனால் மற்ற இருவரையும் இழப்பாய்.

கடைசியில் “ஏதாவது கேட்க வேண்டுமா?” என்பார்கள். “இல்லை” என்பதுதான் அங்கே மோசமான பதில். இந்த இடம் ஏன் காலியானது, முதல் மூன்று மாதத்தில் எது முடிந்தால் நீங்கள் திருப்தியாவீர்கள், எப்போது முடிவு தெரியும். இந்த மூன்றையும் தாளில் எழுதிப் பார்த்தே கேட்கலாம்.

கிடைக்காவிட்டால் என்று ஒரு பயம் உன் எழுத்தில் தெரிந்தது. எங்கள் பக்கத்து யோக்கியதையையும் கேள். ஒருவர் வேலையில் எப்படிச் செய்வார் என்பதைத் தேர்வு முறைகள் எவ்வளவு சரியாகக் கணிக்கின்றன என்று 2022-ல் பழைய ஆய்வுகளைத் திரட்டி மறுபடி கணக்கிட்டார்கள். 1 என்றால் அச்சு அசலாகக் கணித்தது, 0 என்றால் காசு சுண்டியது. ஒழுங்குபடுத்திய இன்டர்வியூவுக்குக் கிடைத்தது 0.42. வாய்க்கு வந்ததைக் கேட்கிற இன்டர்வியூவுக்கு 0.19. 2013-ல் வந்த இன்னொரு சோதனையில், சிலரை ஒரு விதிப்படி தாறுமாறாக ஆம், இல்லை என்று பதில் சொல்ல வைத்தார்கள். பேட்டி எடுத்தவர்களுக்கு அது தெரியவே இல்லை; ஆளை நன்றாகப் புரிந்துகொண்டோம் என்றே நம்பினார்கள். அந்த லட்சணத்தில் இருப்பவர்கள் சொல்லும் “இல்லை”க்கு நீ ஒரு வாரம் தூங்காமல் இருக்க வேண்டாம்.

வெளியே வந்ததும், வண்டி ஏறுவதற்கு முன், கேட்ட கேள்விகளை எல்லாம் எழுதிக்கொள். இரவுக்குள் பாதி மறந்துவிடும், அடுத்த சுற்றில் அவையே வேறு வாயிலிருந்து வரும்.

செவ்வாய் இரவு சாப்பிட்டு முடித்துக் கூப்பிடு. அட்டைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள், அரை மணி நேரம் நானே கேள்வி கேட்கிறேன். நடுவில் ஒரு இடத்தில் பத்து நொடி பேசாமல் இருப்பேன். எங்கே என்று சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் தோழன்