முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு மாலை கொடுங்கள்

மதிப்பிற்குரிய முதல்வர் ஐயா அவர்களுக்கும் விடுதிக் காப்பாளர் ஐயா அவர்களுக்கும்,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை முதலாமாண்டுத் தம்பி ஒருவர் தன் விடுதிக்குப் போகும் ஐந்து மணி பஸ்ஸில் ஏறாமல், பறை கற்றுக்கொள்ள மெஸ்ஸுக்குப் பின்பக்கம் எங்களைத் தேடி வந்தார். குச்சியைக் கையில் வாங்கியதோடு சரி. செக்யூரிட்டி வந்து பெயரை எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார். மறுநாள் அவர் வீட்டுக்குப் போன் போயிருக்கிறது. அவர் இனி எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்.

முதலாமாண்டு விடுதியை ஊட்டியின் இன்னொரு கோடிக்கு மாற்றியதன் காரணம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. 1996இல் ராகிங்கில் கொல்லப்பட்ட மருத்துவ மாணவர் நாவரசுக்கு நேர்ந்ததை எங்கள் அப்பா அம்மா இன்னும் சொல்கிறார்கள். அதற்குப் பிறகுதான் 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டமே வந்தது. புதியவர்களைக் கூடுமானவரை தனி விடுதியில் வைக்கச் சொல்கிறது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2009ஆம் ஆண்டு விதி. சரி, வையுங்கள். ஆனால் ஆசிரியர்கள் முன்னிலையில் கலை, விளையாட்டு வழியாகப் புதியவர்களும் மூத்தவர்களும் பழக வாய்ப்புக் கொடுங்கள் என்பதும் அதே விதியில்தானே இருக்கிறது? முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் எப்படி ஐயா?

நாங்கள் ஒருநாளும் நோட்டீஸ் ஒட்டி ஆள் சேர்த்ததில்லை. இந்த மலையில் பறை அடிப்பதே தனிப்பாடு. கீழே மேட்டுப்பாளையத்தில் வெயிலில் வைத்தாலே தோல் விறைத்துக்கொள்ளும். இங்கே மேகம் இறங்கிவிட்டால் போச்சு, தோல் தொய்ந்து, ஈரச் சாக்கைத் தட்டுகிற மாதிரி சத்தம் வரும். நெருப்பு மூட்டிக் காய்ச்ச வேண்டும், இரண்டு அடி அடித்துவிட்டு மறுபடி காய்ச்ச வேண்டும். எட்டுப் பேர் அடித்தால் நாலு பேர் நெருப்பண்டை நிற்க வேண்டும். அப்படி நிற்பதை எடுபிடி வேலை என்று நினைத்துவிடாதீர்கள். சூடு அதிகமானால் தோல் கிழிந்துவிடும். விரலால் சுண்டிப் பார்த்து, 'இது போதும்' என்று காதால் கண்டுபிடிப்பதுதான் எங்களிடம் முதல் பாடம். பறையை அடிக்கிற அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் அதற்கப்புறம்தான்.

அந்த நெருப்புக்குத்தான் பிள்ளைகள் வந்தார்கள். மேலே வந்த முதல் மாதக் குளிரில், சாப்பிட்டுவிட்டுக் கை காய வந்து நிற்பார்கள். நானும் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வந்து அப்படி நின்றவன்தான். ஒரு அக்கா பறையை என் கையில் கொடுத்து, "கொஞ்சம் காய்ச்சுப்பா, அடுப்புல வச்சிராத" என்றார். மூன்று வருஷமாக அடித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது நெருப்பு இங்கே இருக்கிறது, குளிரில் நடுங்குகிற பிள்ளைகள் டவுனுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள்.

குழுவில் நாங்கள் ஏழு பேர். ஐந்து பேர் கடைசி வருடம். இந்த வருடம் யாரும் சேராவிட்டால் அடுத்த பொங்கலுக்கு முற்றத்தில் இரண்டு பறைதான் கேட்கும்.

அதனால் கேட்கிறோம்: வாரத்தில் இரண்டு மாலை, ஐந்தரையிலிருந்து ஏழு வரை, விருப்பமுள்ள முதலாமாண்டு மாணவர்களைப் பயிற்சிக்கு அனுமதியுங்கள். ஆசிரியர் ஒருவர் கூட இருக்கட்டும், வருகிறவர்கள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள், பெற்றோரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நாள் மட்டும் இன்னொரு பஸ் ஏழு மணிக்குக் கிளம்பட்டும்.

வளாகத்துக்குள்ளேயே தனிக் கட்டடம் கட்டியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. ஊரில் நல்ல கட்டடமெல்லாம் காட்டேஜ் ஆகிவிட்டது. இரண்டு நாள் சுற்றிப் பார்க்க வருகிறவருக்கு அறை இருக்கிறது, மூன்று வருஷம் படிக்க வருகிற பிள்ளைக்கு இல்லை. இப்போது எடுத்திருக்கும் வாடகைக் கட்டடத்தையும் மே மாத சீசனுக்குக் காலி செய்யச் சொன்னால் அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? எழுத வந்தது அதுவல்ல, மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாலைதான் ஐயா. அந்தத் தம்பியின் வீட்டுக்கு இன்னொரு முறை போன் செய்து, அவர் மேல் தப்பில்லை என்றும் சொல்லிவிடுங்கள். அவருக்கான குச்சியை எடுத்து வைத்திருக்கிறோம்.

பணிவுடன்,
பறைக் குழுவுக்காக ஒரு மூன்றாமாண்டு மாணவன்