காரிலிருந்து திருடுபோனவற்றைத் ‘தொலைந்தவை’ எனப் பதிந்ததைத் திருத்தி, வழக்குப் பதியக் கோரும் மனு

அனுப்புநர்:
கூட்டுறவுச் சங்க ஓய்வுபெற்ற எழுத்தர்,
மதுரை மாவட்டம்.
(பெயர், முகவரி, கைபேசி எண், காவல் நிலையத்தின் பெயர் ஆகியவை தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன.)

பெறுநர்:
உயர்திரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
மாவட்டக் காவல் அலுவலகம்.

பொருள்: நிறுத்தியிருந்த காரின் கண்ணாடியை உடைத்துப் பை திருடப்பட்டது – முதல் தகவல் அறிக்கை பதியவும், கேமராப் பதிவுகளை உடனே கைப்பற்றவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. 14.09.2025 நாளிட்ட சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் ஒப்புகை). 2. நிலைய ஆய்வாளருக்கு 26.09.2025 அன்று விரைவு அஞ்சலில் அனுப்பிய என் மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 14.09.2025 ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவியும் மகளும் மதுரையிலிருந்து பெங்களூருக்குக் காரில் சென்றுகொண்டிருந்தோம். மறுநாள் காலை மகள் முதல் வேலையில் சேரவேண்டும். வழியில் தங்கள் மாவட்டத்து மலைக்கோவிலில் சாமி கும்பிட்டுப் போகலாம் என்று அடிவாரத்திலுள்ள கட்டண வாகன நிறுத்துமிடத்தில் 11.10 மணிக்கு வண்டியை விட்டோம். ரூ. 60 சீட்டில் நேரம் அச்சாகியுள்ளது. 12.35-க்குத் திரும்பியபோது பின்பக்க இடது கதவின் கண்ணாடி இல்லை. பின் இருக்கையில் இருந்த கறுப்புத் தோள்பையும் இல்லை.

பையில் இருந்தவை: மகளின் 10, 12-ஆம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ் – எல்லாம் அசல். ரூ. 42,000-க்கு வாங்கிய மடிக்கணினி ஒன்று, ரொக்கம் ரூ. 6,500, என் மனைவியின் பழைய கைபேசி. டிக்கியில் மூட்டை முடிச்சுகள் நிறைந்துவிட்டதால் பையை இருக்கையில் வைத்தேன். வெளியில் தெரிகிற மாதிரி வைத்தது என் கவனக்குறைவுதான். காலடியில் தள்ளி வையுங்கள் என்று என் மனைவி அப்போதே சொன்னாள். இன்றுவரை அதை அவள் சொல்லிக்காட்டவில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனையாக இருக்கிறது.

கண்ணாடி மாற்றிய பட்டறைக்காரர் இருக்கைக்கு அடியிலிருந்து இரண்டு வெள்ளைத் துணுக்குகளை எடுத்துக் காட்டினார். ஸ்பார்க் பிளக்கின் பீங்கானை உடைத்து எடுத்த துண்டுகளாம். காரின் பக்கக் கண்ணாடி சூடேற்றிக் கடினப்படுத்தியது. கூர்மையான பீங்கான் துண்டைச் சுண்டி எறிந்தாலே பெரிய சத்தமில்லாமல் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும் என்றார். கைக்குட்டையில் முடிந்து அந்தத் துணுக்குகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.

அன்று 1.15 மணிக்கே காவல் நிலையம் சென்றோம். அங்கிருந்தவர் கடுமையாக நடந்துகொள்ளவில்லை, தண்ணீர்கூடக் கொடுக்கச் சொன்னார். ஆனால், “எஃப்.ஐ.ஆர். போட்டா மதுரையிலேர்ந்து கோர்ட்டுக்கு நீங்கதான் சார் அலையணும். சர்ட்டிபிகேட் பயணத்துல தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுங்க, இப்பவே ரசீது தர்றேன், டூப்ளிகேட் வாங்கிக்கலாம்” என்றார். மடிக்கணினியையும் ரொக்கத்தையும் எழுதவேண்டாம் என்றார். பொழுது சாய்வதற்குள் ஓசூரைத் தாண்டவேண்டும், மகள் அழுதுகொண்டிருந்தாள். எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

ஐயா, 31 வருடம் பேரேடு எழுதியவன் நான். தவறான தலைப்பில் ஒரு தொகையை எழுதிவிட்டால் அதற்குப் பிறகு கூட்டல் எத்தனை சரியாக இருந்தாலும் கணக்குத் தப்புதான். ‘தொலைந்தது’ என்று எழுதிய அந்த நொடியில் உடைந்த கண்ணாடி மறைந்துவிட்டது, திருடனும் மறைந்துவிட்டான். பொருளைக் கண்ட இடத்தில் வைத்துவிட்டு வந்த என் மகள் மட்டும் மிச்சம். தேடுவதற்கு யாருக்கும் வேலையே இல்லை. தொலைந்த ஆவணங்களுக்குக் காவல் துறையின் இணையதளத்திலேயே பதிவு செய்யும் வசதி இருக்கிறது. உண்மையிலேயே தவறவிட்டிருந்தால் அதை வீட்டிலிருந்தே செய்திருப்பேனே, நிலையத்தின் படி ஏறியிருக்க மாட்டேன்.

19.09.2025 அன்று திரும்ப வந்து, திருட்டு என்று மாற்றி எழுதக் கேட்டேன். “நீங்களே எழுதிக் குடுத்ததுதானே” என்று பதில் வந்தது. உண்மைதான், மறுக்கவில்லை. 26.09.2025 அன்று நடந்ததை நடந்தபடியே எழுதி ஆய்வாளருக்கு அனுப்பினேன். பதில் இல்லை. ஆகவே குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173(4)-இன்படி தங்களிடம் வந்திருக்கிறேன்.

சட்டம் படித்தவன் இல்லை. கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைப் பணிவுடன் சொல்கிறேன். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் கிடைத்தால் வழக்குப் பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 12.11.2013 அன்று தீர்ப்பளித்துள்ளது. தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 303(2)-இல் ரூ. 5,000-க்குக் குறைந்த திருட்டுக்குத் தனி வழி இருக்கிறது. என் மடிக்கணினி மட்டுமே அதைவிடப் பல மடங்கு. வாகனத்திலிருந்து பொருள் திருடுவதைச் சொல்லும் 305-ஆம் பிரிவு என் சொந்தக் காருக்குப் பொருந்துமா என்பதைத் தாங்களே முடிவு செய்யவேண்டும். முதற்கட்ட விசாரணை தேவை என்றாலும், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு 14 நாளுக்குள் முடிக்கவேண்டும் என்கிறது சுரக்ஷா சன்ஹிதா 173(3). இன்று 24-ஆம் நாள்.

நாள் கணக்கை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நிறுத்துமிடத்துக்கு எதிரே உள்ள டீக்கடையின் கேமராவில் 11.52 மணிக்குப் பைக்கில் இருவர் வெளியேறுவதும், பின்னால் இருந்தவர் மடியில் கறுப்புப் பை இருப்பதும் தெரிந்தது. கடைக்காரர் மனமுவந்து காட்டினார். திரையை என் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டேன், வண்டி எண் அதில் தெளிவில்லை. “எங்க டிவிஆர்ல இருபது நாள்தான் நிக்கும்” என்று கேமராப் பதிவுக் கருவியைப் பற்றி அவர் சொன்னதை நிலையத்தில் இரண்டு முறை தெரிவித்தேன். அந்த இருபது நாள் 04.10.2025-ஓடு முடிந்துவிட்டது. நிறுத்துமிடத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவரின் கேமராவில் ஒரு மாதப் பதிவு இருக்கும் என்கிறார்கள். அதற்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது.

‘பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று சீட்டின் பின்புறம் அச்சடித்திருக்கும் குத்தகைதாரர் மீதான குறையை உள்ளாட்சி நிர்வாகத்துக்குத் தனியே எழுதியுள்ளேன். அதை இங்கே கலக்கவில்லை.

எனவே, திருட்டு வழக்காகப் பதிந்து, சுரக்ஷா சன்ஹிதா 173(2)-இன்படி அறிக்கையின் நகலைக் கட்டணமின்றித் தர உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். குத்தகைதாரரின் கேமராப் பதிவை 14.10.2025-க்குள் கைப்பற்றவும், டீக்கடை டிவிஆரின் ஹார்ட் டிஸ்கில் அழிந்ததை மீட்க முடியுமா என்று பார்க்கவும் ஆவன செய்யவேண்டும். மடிக்கணினியின் வரிசை எண்ணைக் கொண்டு பழைய கணினி வாங்கும் கடைகளில் விசாரிக்கலாம். கைபேசிக்கே உரிய அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண்ணும் தந்துள்ளேன்; அதை முடக்கவும் புகார் நகல் வேண்டும். சான்றிதழ்கள் திருடனுக்குப் பயன்படாதவை. பையை எங்கேனும் வீசியிருக்கலாம், கண்டெடுத்தவர் தபால் பெட்டியிலும் போட்டிருக்கலாம். மலைப்பாதை ஓரங்களிலும் அருகிலுள்ள அஞ்சலகங்களிலும் ஒருமுறை கேட்கச் சொன்னால் நன்றியுடையவனாவேன். கிடைக்காவிட்டால், கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்றில் ‘திருடுபோனவை’ என்றே குறிப்பிடவேண்டும். மகளின் நிறுவனம் அசலைக் காட்ட டிசம்பர் வரை அவகாசம் தந்திருக்கிறது.

விசாரணைக்கு எத்தனை முறை அழைத்தாலும் மதுரையிலிருந்து வரத் தயாராக உள்ளேன்.

இணைப்பு: சி.எஸ்.ஆர். ரசீது நகல், நிறுத்துமிடச் சீட்டு நகல், உடைந்த கண்ணாடியின் புகைப்படங்கள், பட்டறை ரசீது, மடிக்கணினி வாங்கிய ரசீது, டீக்கடைக் காட்சி உள்ள பென் டிரைவ், 26.09.2025 மனுவும் அஞ்சல் ரசீதும். பீங்கான் துணுக்குகளை நேரில் ஒப்படைக்கிறேன்.

நாள்: 08.10.2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(மனுதாரர் கையொப்பம்)