காட்டாற்றில் படகு விடப் போகும் முன்

ஆசிரியருக்கு,

வணக்கம். மதுரையில் நீச்சல் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் பழகிய பிள்ளைகள் சிலர் கர்நாடகத்தின் தண்டேலிக்குப் போய், காளி ஆற்றில் துடுப்புப் படகு விடத் திட்டம் போட்டிருக்கிறார்கள். டிக்கெட், அறை எல்லாம் சரி. ஆற்றைப் பற்றித்தான் யாரும் விசாரிக்கவில்லை.

அங்கே மேலே சூபா அணை இருக்கிறது. தண்ணீர் திறப்பைப் பொறுத்து ஆற்றின் வேகமே மாறும். மேலே மழை என்றால், கீழே வெயிலடிக்கும்போதே வெள்ளம் வரும் என்பது கும்பக்கரை அருவிக்குப் போகிற நமக்குத் தெரியாததா? கிளம்பும் அன்றைக்கே நீர்மட்டம் கேட்க வேண்டும். வேகநீரை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பார்கள். புதியவர்களுக்கு 3-க்கு மேல் வேண்டவே வேண்டாம்.

நீச்சல் குளத்தில் கெட்டிக்காரன் பாறை ஆற்றில் தப்பிவிடுவான் என்றில்லை. படகு கவிழ்ந்தால் எழுந்து நிற்கப் பார்ப்பதுதான் பெரிய ஆபத்து. பாறை இடுக்கில் கால் மாட்டினால் இடுப்பளவுத் தண்ணீரே ஆளை அமுக்கிவிடும். மல்லாந்து, பாதங்களை நீரோட்டம் போகும் பக்கம் நீட்டி மிதந்து, வேகம் குறைந்த இடத்தில் கரையேறுங்கள்.

லைஃப் ஜாக்கெட்டைப் போட்டதும், அதன் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கும்படி பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் வாரை இறுக்குங்கள். அப்போதும் ஏறினால் வேறு கேளுங்கள். கொடுக்கத் தயங்கும் ஆளோடு ஆற்றில் இறங்காதீர்கள். ஹெல்மெட்டும் அப்படித்தான்.

அப்புறம், காட்டுக்குள் செல்போன் எடுக்காது. எங்கே இறங்குகிறீர்கள், எங்கே, எத்தனை மணிக்குக் கரையேறுவீர்கள் என்று வீட்டில் எழுதிக்கொடுத்துவிட்டுப் போங்கள் பிள்ளைகளே.

இப்படிக்கு,
நீச்சல் பயிற்சியாளர்,
செல்லூர், மதுரை.