விசாவை விசாரிக்கும் பெற்றோர் அறையையும் விசாரிக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உழைக்கத் தெரிந்தவனுக்கு அமெரிக்கா எக்காலமும் வாசல் திறந்தே வைத்திருந்தது என்று கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். வல்வெட்டித்துறையில் பிறந்த என்னால் அதை வாசித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் ஊரில் கட்டிய அன்னபூரணி பாய்க்கப்பல் 1938இல் அத்திலாந்திக் கடலைத் தாண்டி மசாச்சுசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதில் போன எங்கள் ஊர்க்கடலோடிகள் அங்கேயே குடியிருக்க விரும்பியிருந்தாலும் சட்டம் விட்டிராது. 1882இல் சீனத் தொழிலாளருக்குக் கதவைச் சாத்தினார்கள். 1917இல் ஆசியாவின் பெரும்பகுதிக்கே தடை போட்டார்கள். இந்தியர் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமை கிடையாது என்று 1923இல் பகத் சிங் திண்ட் என்பவரின் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. பிறந்த நாட்டைப் பார்த்து ஆள் எடுக்கும் அந்த முறை 1965இல்தான் நீங்கியது. கறுப்பின மக்கள் தங்கள் உரிமைக்காக வீதியில் இறங்கி அடி வாங்கிய காலம் அது. அவர்கள் பட்ட பாட்டில்தான் எங்கள் டொக்டர்மாருக்கும் எஞ்சினியர்மாருக்கும் வழி பிறந்தது. இதை எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

சரி, யாருக்கு வாசல் திறந்திருந்ததோ அவர்கள் மட்டும் சுகமாக வாழ்ந்தார்களா? 1892இல் திறந்த, நியூயோர்க் துறைமுகத்துக் குடிவரவு நிலையமான எல்லிஸ் தீவு வழியாக ஏறக்குறைய 1 கோடியே 20 இலட்சம் பேர் உள்ளே போனார்கள். அவர்களில் ஏராளமானோர் வந்து சேர்ந்த இடம் நியூயோர்க்கின் கிழக்குப் பக்கத்து அடுக்குமாடிகள். யன்னலே இல்லாத உள்ளறைகள். படுப்பதும் சமைப்பதும் கூலிக்குத் தைப்பதும் அதே அறையில்தான். புதிதாகக் கட்டும் வீடுகளில் ஒவ்வொரு அறைக்கும் யன்னல் வேண்டும் என்பதற்கே 1901இல் ஒரு சட்டம் தேவைப்பட்டது.

நான் நெல்லியடியில் நெடுங்காலம் தையல் வகுப்பு நடத்தியவள். நியூயோர்க்கில் இருந்த ட்ரையாங்கிள் என்ற தையல் தொழிற்சாலையின் கதையை என் பிள்ளைகளுக்குத் தவறாமல் சொல்லுவேன். 1911 மார்ச் 25, சனிக்கிழமை, வேலை முடியும் நேரம். எட்டாம் மாடியில் துணித் துண்டுகளில் தீப்பிடித்தது. ஒன்பதாம் மாடியில் ஒரு கதவு பூட்டிக் கிடந்தது. தைக்கிற பெண்கள் துணி திருடாமலிருக்க, வேலை முடிந்து போகும்போது கைப்பையைச் சோதித்து ஒரே வழியால் அனுப்புவது அங்கே வழக்கம். தீயணைப்பு ஏணி ஆறாம் மாடிக்கு மேல் எட்டவில்லை. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் யூத, இத்தாலிய இளம்பெண்கள். அந்தத் தொழிற்சாலையின் முதலாளிமார் இருவரும்கூட ரஷ்யாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள்தான். வழக்கில் அவர்கள் விடுதலையானார்கள். நான் வகுப்பு நடத்திய கட்டடத்தின் பின்கதவை உரிமையாளர் கள்ளர் பயத்தில் பூட்டியே வைத்திருந்தார். பூட்டு கழற்றப்படும்வரை அவரை நான் விடவில்லை.

பழைய கதைதானே என்று யாரும் நினைக்க வேண்டாம். என் தங்கச்சியின் மகன், எனக்குப் பெறாமகன், நியூயோர்க்கின் குயின்ஸ் பகுதியில் இருக்கிறான். இரவில் பெற்றோல் செட்டில் வேலை. வேறு பொடியன்களோடு ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருந்தான். ஆளுக்கொரு மெத்தை போட இடமில்லை. ஒருவன் வேலைக்குப் போக, வேலை முடிந்து வந்தவன் அதே மெத்தையில் படுப்பான். வீடியோ அழைப்பில் எப்போதும் ஒரு சுவர் மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். கமெராவைத் திருப்பிக் காட்டச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவான். 2021 செப்டெம்பரில் ஐடா புயலின் மழை கொட்டியபோது, அதே குயின்ஸில் இப்படிப்பட்ட நிலக்கீழ் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறிப் பலர் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் அநேகர் ஆசியாவிலிருந்தும் லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் போய்க் குடியேறியவர்கள். அன்று இரவு எங்கள் வீட்டில் ஒருவரும் தூங்கவில்லை. அவன் கடவுள் புண்ணியத்தில் வேலையில் நின்றான்.

போகாதே என்று நான் எந்தப் பிள்ளையையும் தடுக்கவில்லை. இங்கே வேலை இல்லாமல் சந்தியில் நிற்கும் பொடியனுக்கு அதைச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் காணியை ஈடு வைத்து ஏஜென்சிக்காரனிடம் காசு கட்டுகிற தாய் தகப்பன், எப்போது விசா வரும் என்று மட்டும் கேட்டால் போதாது. என் பிள்ளை படுக்கப்போகும் அறை நிலத்துக்கு மேலேயா கீழேயா? எத்தனை பேர் அதில்? யன்னல் உண்டா? அவசரத்துக்கு வெளியே போக இன்னொரு வழி உண்டா? வேலை தரப்போகிறவர் எங்கள் ஆளே என்றாலும், சம்பளத்துக்குத் துண்டு தருவாரா? இவற்றையும் கேளுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

ஆசிரியர் அவர்களே, வெளிநாட்டுப் பக்கத்தில் விசாச் செய்தியோடு, அங்கே இருக்கும் எங்கள் பிள்ளைகள் தங்கள் வாடகையையும் வேலை நேரத்தையும் பற்றித் தாங்களே எழுத வாரம் ஒரு பத்தி ஒதுக்குங்கள். பெயர் போடாமல் வெளியிட்டால் உண்மையை எழுதுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை,
வல்வெட்டித்துறை.