தடாமி பாதையை ரயிலிலேறிப் பார்க்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பான் சுற்றுலா குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையில், தடாமி ரயில் பாதை பற்றிய குறிப்பு, அது ஆற்றுப் பாலத்தைப் படம் எடுக்க ஏற்ற இடம் என்பதோடு முடிந்துவிட்டது. அங்கே போய்வந்தவன் என்ற முறையில், அந்தப் பாதைக்கு அது போதாது என்று சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

ஃபுகுஷிமா மாநிலத்தின் ஐசு-வகமட்சுவிலிருந்து நீகட்டா மாநிலத்தின் கொயிதே வரை, தடாமி ஆற்றைப் பலமுறை கடந்து 135 கிலோமீட்டர் செல்லும் மலைப்பாதை இது. 2011 ஜூலைப் பெருமழையில் மூன்று பாலங்கள் சிதைந்து, ஐசு-கவகுச்சி, தடாமி ஆகிய நிலையங்களுக்கு இடைப்பட்ட பகுதி 11 ஆண்டுகள் மூடிக் கிடந்தது. பயணிகள் மிகக் குறைவு என்பதால் பேருந்தே போதும் என ரயில் நிறுவனம் கருதியபோதும், பனிக்காலத்தில் கணவாய்ச் சாலை அடைபட்டால் நீகட்டா பக்கம் செல்ல ரயிலே நேர்வழி என்பதை அறிந்த பாதையோர ஊர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. தண்டவாளமும் பாலங்களும் மாநில அரசின் பொறுப்பு, ரயிலை இயக்குவது நிறுவனத்தின் பொறுப்பு என்று உடன்பாடு கண்டு, சுமார் 900 கோடி யென் செலவில் சீரமைத்து, 2022 அக்டோபர் 1 அன்று திறந்தார்கள். பராமரிப்புச் செலவில் ஒரு பங்கை அந்தச் சிற்றூர்களும் ஏற்றிருப்பது என்னை மிகவும் நெகிழச் செய்தது.

நான் இறங்கியது ஹயாதோ என்னும் சிறு நிலையம். ஒற்றை நடைமேடை, சிறியதொரு காத்திருப்பு அறை. ஊழியர் எவரும் இல்லை. ஏறும்போது எடுத்த எண் சீட்டையும் கட்டணத்தையும் ஓட்டுநருக்கு அருகிலுள்ள பெட்டியில் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். டீசல் ரயிலின் இரைச்சல் தேய்ந்தபின், நிலையத்தை ஒட்டித் தேங்கி நிற்கும் பச்சை நீரில் எதிர்மலையின் சிவந்த இலைகள் அப்படியே தெரிந்தன. காரில் வந்து, மிஷிமா என்னும் ஊரில் பாலத்தைப் பார்க்கும் காட்சி மேட்டில் படம் எடுத்துத் திரும்புவோர்க்கு இது கிடைக்காது. அவர்களால் ரயிலுக்கு ஒரு சீட்டும் விற்பதில்லை.

ஆகவே இத்தகைய கட்டுரைகளோடு வழியையும் வெளியிடுமாறு வேண்டுகிறேன். டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயிலில் கோரியாமா வந்து, அங்கிருந்து வேறு ரயிலில் ஐசு-வகமட்சுவை அடையலாம். மீண்டும் திறக்கப்பட்ட பகுதியில் நாளொன்றுக்குப் போக மூன்று, வர மூன்று ரயில்களே என்பதால், கால அட்டவணையைப் பார்த்த பிறகே எந்த நிலையத்தில் இறங்குவதென முடிவு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கும்பகோணம்.