பீலிக்கரையில் விழுந்தேன்

தலவாக்கலை
17.08.2025

அன்புள்ள கமலா,

உன்னோடு பேசி எட்டு மாதம் ஆகிவிட்டது. உன் பேரனின் பிறந்தநாள் படம் வந்தது. பார்த்தேன், நாளைக்குப் பேசலாம் என்று வைத்தேன், அப்படியே நாள் ஓடிவிட்டது. கோபமாக இருப்பாய். இரு. போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீ போனில் 'ம்… ம்…' என்று கொட்டிக்கொண்டே கறிக்கு உப்புப் போடுகிறவள். நான் சொல்ல வந்தது நீளம். அதனால்தான் கடிதம். உட்கார்ந்து வாசி.

இங்கே எல்லோரும் நலம். அவருக்குப் பிரஷர் மாத்திரை ஒன்று கூடியிருக்கிறது. சின்னவள் பண்டாரவளைக்கு மாற்றலாகிப் போய்விட்டாள். ஜூனில் பிடித்த மழை இன்னும் விடவில்லை, துணி காய்ந்து எத்தனையோ நாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை நான் தேயிலைத் தோட்டத்தில், தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் விழுந்தேன்.

பயப்படாதே, ஒன்றும் ஆகவில்லை. எந்தப் பீலி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சின்னம்மாவைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அவருக்கு ஒரு குடம் தண்ணீர் பிடித்துக் கொடுக்கலாம் என்று இறங்கினேன். படியில் பாசி. வலது கால் முன்னால் போய்விட்டது, குடம் கையை விட்டுப் போனது, வானம் தெரிந்தது. அடுத்து 'பட்' என்று ஒரு சத்தம். எலும்பு இல்லை. என் இரண்டு கைகளும் தரையில் அறைந்த சத்தம் அது. தலை குனிந்து நாடி நெஞ்சோடு ஒட்டியிருந்தது. முதுகு கூடைபோல வளைந்திருந்தது. மூச்சை வெளியே விட்டிருந்தேன். எதையும் நான் யோசித்துச் செய்யவில்லை, உடம்பே செய்துகொண்டது. எழுந்து நின்று பார்த்தேன். சேலை முழுக்கச் சேறு, உள்ளங்கை இரண்டும் எரிந்தன, முழங்கையில் கொஞ்சம் தோல் உரிந்திருந்தது. அவ்வளவுதான். சின்னம்மா வீட்டு வாசல் இஸ்தோப்பிலிருந்து அலறிக்கொண்டு ஓடி வந்தார். நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். வலியால் இல்லை.

அம்மா விழுந்ததும் அந்தப் படியில்தான், கமலா. நீதான் கூட இருந்தாயே. இடுப்பெலும்பு உடைந்து, ஆஸ்பத்திரியில் ஆறு கிழமை, பிறகு லயத்து வீட்டுக் காம்பராவில் அந்தக் கட்டிலில் ஏழு மாதம். முதுகில் புண் வந்தபோது நீ வெந்நீர் வைத்துத் துடைத்துவிட்டாய். முப்பத்தைந்து வருஷம் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு அந்த மலை முழுக்க ஏறி இறங்கிய மனுஷி. அவருக்கு அப்போது 66. எனக்கு இப்போது 61. இந்த ஐந்து வருஷக் கணக்குத்தான் ஒரு வருஷமாக என்னைத் தூங்கவிடாமல் செய்தது. உனக்கும் 61 தான் என்பதை மறக்காதே.

இப்போது கேட்பாய், விழுவதற்கு எங்கே படித்தாய் என்று. கராத்தே வகுப்பில். சிரிக்காமல் மேலே வாசி.

போன வருஷம் பென்ஷன் எடுத்த பிறகு நான் வீட்டோடு அடங்கிவிட்டேன். நாற்பது வருஷம் நின்றே படிப்பித்த கால், மூன்றே மாதத்தில் படியேறினால் நடுங்கத் தொடங்கியது. கிளினிக்கில் சாப்பிடாமல் பார்த்த இரத்தச் சீனி 148. ஒரு டொக்டர், பெயர் வேண்டாம், என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "வயசாகிவிட்டதுதானே, ஓய்வாக இருங்கள்" என்றார். எனக்கு அந்தப் பேச்சுப் பிடிக்கவில்லை. ஓய்வாக இருந்துதான் இந்த நிலைக்கு வந்தேன்! அந்தக் கிழமையே பஸ் ஸ்டாண்டில் நம் ஆசிரியர் கலாசாலை விடுதிச் சமையல் அண்ணனின் மகனைக் கண்டேன். ஞாபகம் இருக்கிறதா, அண்ணன் நமக்கு ஒளித்துத் தரும் ரொட்டிக்குக் காவல் நிற்குமே, அந்தப் பொடியன். பொலிஸில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டான். ஜூடோவும் கராத்தேயும் தெரிந்தவன். புதன் பின்னேரமும் சனி காலையும் பாடசாலை மண்டபத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறான். நான் சும்மா ஒரு வார்த்தைக்கு, "என்னைப் போன்றவர்களையும் சேர்ப்பாயா?" என்றேன். "டீச்சர், உங்களுக்குத்தான் இது முக்கியம். சனிக்கிழமை வாங்க" என்றான். அவ்வளவுதான், போய்விட்டேன்.

வீட்டில் நடந்ததை நீயே ஊகித்துக்கொள்வாய். என் தம்பி, "ஊர் என்ன சொல்லும்" என்று தொடங்கினான். ஊர் எனக்கு இடுப்பெலும்பு வாங்கித் தருமா என்று கேட்டேன். இவர் இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் மாஸ்டர், அந்தப் பொடியன்தான், வெறுங்காலில் நிற்க வேண்டும், மெட்டி பாயில் மாட்டும், கழற்ற வேண்டும் என்றார். 36 வருஷ மெட்டி, விரலோடு ஒட்டிப் போயிருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு இவர் ஒன்றும் பேசாமல் ஒரு பேசினில் வெந்நீரும் சவர்க்காரமும் கொண்டு வந்து வைத்து, கீழே உட்கார்ந்து, என் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு மெதுவாகத் திருகித் திருகிக் கழற்றினார். அரை மணித்தியாலம் பிடித்தது. தாலியைக் கழற்றவில்லை. உள்ளே துணி சுற்றி ஊசி குத்திக்கொள்கிறேன்.

முதல் ஒன்றரை மாதம் எனக்கு உதையும் இல்லை, குத்தும் இல்லை. விழுவது மட்டும்தான். ஜப்பானியர் இதை உகெமி என்கிறார்கள். முதலில் பாயில் படுத்தபடி கையால் தரையை அறைய வேண்டும். பிறகு உட்கார்ந்து பின்னால் சாய வேண்டும். பிறகு குந்தியிருந்து. நின்றபடி விழ எனக்கு ஐந்து கிழமை ஆனது. மாஸ்டர் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: கையை ஊன்றாதே. விழும்போது எல்லோரும் கையைத்தான் ஊன்றுவோம். முழு உடம்பும் ஒரு மணிக்கட்டில் இறங்கும், அது முறியும். அதற்குப் பதில் தோளிலிருந்து விரல்வரை முழுக் கையாலும் தரையை அறைந்தால் அடி பரவிப் போகிறது. நாடியை நெஞ்சில் ஒட்டினால் பின்தலை தரையில் படாது. நான் விஞ்ஞானம் படிப்பித்தவள். அமுக்கம் என்பது விசையைப் பரப்பளவால் வகுப்பது என்று எத்தனை வகுப்புக்குக் கரும்பலகையில் எழுதினேன்! அது என் உடம்புக்கும் பொருந்தும் என்று அறுபது வயதில்தான் புரிந்தது.

அப்புறம்தான் நிற்பது. ஸென்குட்சு என்று ஒரு நிலை இருக்கிறது. முன்காலை நன்றாக மடக்கி, பின்காலை நீட்டி ஊன்ற வேண்டும். முதல் நாள் பத்து எண்ணும் முன் தொடை தீப்பிடித்தது. இப்போது அந்த நிலையிலேயே மண்டபத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய் வருகிறேன். தொடைத்தசை வேலை செய்யும்போது இரத்தத்தில் இருக்கிற சீனியை இன்சுலினின் உதவி இல்லாமலே இழுத்துக்கொள்கிறது, தெரியுமா? போன மாதம் கிளினிக்கில் 118. மாத்திரையும் உண்டு, இரவுச் சோற்றையும் குறைத்திருக்கிறேன், எல்லாப் புகழையும் கராத்தேக்குக் கொடுக்கவில்லை. ஆனால் மாத்திரை முன்பும் இருந்ததே. முப்பது வயது தாண்டினாலே தசை மெல்லக் கரையத் தொடங்குகிறது, அறுபதுக்குப் பிறகு இன்னும் வேகம். மாதவிடாய் நின்றபின் நமக்கு எலும்பும் சேர்ந்து தேய்கிறது. இரண்டையும் பிடித்து நிறுத்த வேண்டுமென்றால் அவற்றுக்குச் சுமை கொடுக்க வேண்டும். 65க்கு மேற்பட்டவர்கள் கிழமைக்கு மூன்று நாளாவது சமநிலைக்கும் பலத்துக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. நம் அம்மாமாருக்கு இதை யார் சொன்னார்கள்? அவர்களுக்கு மலையில் உழைப்பு இருந்தது. வேலையிலிருந்து நின்ற மறுநாளே அதுவும் போய்விட்டது.

எனக்குப் பயிற்சித் துணை ஒரு பத்து வயதுப் பெண்பிள்ளை. என்னிடம் படித்தவளின் மகள். பெல்ட்டை எப்படி முடிச்சுப் போடுவது என்று முதல் நாள் அவள்தான் முட்டி போட்டு உட்கார்ந்து காட்டித் தந்தாள். இடது நுனியை மேலே எடுக்க வேண்டும், இரண்டு நுனியும் ஒரே அளவில் தொங்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி கட்டச் சொல்வாள். அவள் குத்து என் நெஞ்சுக்கு ஒரு விரல்கடை முன்னால் வந்து நிற்கும். அந்தச் சின்னக் கைக்கு அவ்வளவு கட்டுப்பாடு.

ஜூனில் எனக்கு மஞ்சள் பெல்ட் கிடைத்தது. ஹெயான் ஷோடான் என்று ஓர் அசைவு வரிசை, மொத்தம் 21 அசைவு. ஒன்றுகூட விடவில்லை. இரண்டு இடத்தில் 'கியாய்' என்று அடிவயிற்றிலிருந்து சத்தம் போட வேண்டும். அதுதான், கமலா, எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. நான்கு மாதம் சத்தம் வரவில்லை. வாயைத் திறப்பேன், காற்றுத்தான் வரும். நாம் இருவரும் எப்போதாவது வாய்விட்டுக் கத்தியிருக்கிறோமா? லயத்தில் சத்தம் போட்டால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். தோட்டத்துத் தொரை வந்தால் குரலைத் தாழ்த்த வேண்டும். பிறகு அதிபர், பிறகு மாமியார். ஒரு சனிக்கிழமை அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், நாம ரெண்டு பேரும் சேர்ந்து" என்றாள். வந்துவிட்டது. மண்டபத்துத் தகரம் அதிர்ந்தது. வீட்டுக்கு வந்தும் நெஞ்சு லேசாகவே இருந்தது.

இரண்டு பேரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். கராத்தேயை ஒகினாவாவிலிருந்து டோக்கியோவுக்குக் கொண்டு போனவர்களில் முக்கியமானவர் ஃபுனாகோஷி கிச்சின். அவர் தொழில் என்ன தெரியுமா? பள்ளிக்கூட வாத்தியார்! 1922 இல் டோக்கியோவுக்குப் போனபோது அவருக்கு 53. அந்த வயதில் புது ஊரில் முதலிலிருந்து தொடங்கி, 88 வயதுவரை வாழ்ந்தார். 1882 இல் ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோவும் ஆசிரியர்தான், ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் கல்லூரிக்கே தலைவராக இருந்தவர். இது தெரிந்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். உன்னைத்தான் நினைத்தேன்.

இனி உன் முறை. 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம் சனங்கள் நடந்தபோது, நம் முன்னோர் நடந்த வழியில் நானும் நடக்க வேண்டும் என்று துடித்தாய். முழங்கால் விடவில்லை என்று போனில் அழுதாய். அதற்குப் பிறகு அந்த முழங்காலுக்கு என்ன செய்தாய்? தைலம் தடவினாய். வலைப்பந்தில் உன்னை மறித்து நின்ற எத்தனை பேர் தடுமாறி விழுந்திருக்கிறார்கள், அந்தக் கால்தானே இது! உடனே கராத்தே பழகு என்று சொல்லவில்லை. முதலில் டொக்டரிடம் முழங்காலையும் பிரஷரையும் காட்டு. எனக்கும் வேறொரு டொக்டர் பார்த்துத்தான் அனுமதி தந்தார். குதிக்க வேண்டாம், மூச்சை அடக்க வேண்டாம் என்ற நிபந்தனையோடு. உனக்கு தாய் ச்சீ பொருந்தும் என்கிறார் மாஸ்டர். அதுவும் சண்டைக் கலைதான், ஆனால் மெதுவாக, ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் பாரத்தை மாற்றி மாற்றிச் செய்வது. 1956 இல் சீனாவில் பொதுமக்களுக்காக 24 அசைவுகளில் சுருக்கி வைத்தார்கள், அதைத்தான் பெரும்பாலும் பழக்குகிறார்கள். வயதானவர்கள் விழுவதை அது குறைக்கிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இன்றைக்கே ஒன்று செய்: குசினி மேசையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நில். பத்து எண்ணு. மறு கால். பிறகு பிடியை விட்டுப் பார். எத்தனை எண்ண முடிந்தது என்று எனக்கு மறைக்காமல் எழுது.

இன்னொன்று. இரண்டு நாளாக உன் அப்பா ஞாபகம்தான். திருவிழாவில் சாமிக்கு முன்னால் கம்பு சுற்றிக்கொண்டு போவாரே, தப்பு மேளச் சத்தத்துக்குக் கால் மாற்றி மாற்றி. அறுபத்தைந்து வயதிலும் அந்த ஈரத் தரையில் ஒரு தரமாவது அவர் சறுக்கி நாம் பார்த்ததில்லை. பையன்களுக்குக் கம்பைக் கையில் கொடுக்க மாட்டார், மாதக்கணக்கில் காலடி மட்டும்தான் பழக்குவார். நாம் இருவரும் இஸ்தோப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்போம். நமக்கும் சொல்லித் தாருங்கள் என்று நாம் கேட்கவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அம்மாவுக்கு அந்தக் காலடி தெரிந்திருந்தால் என்று நினைக்கும்போது தொண்டை அடைக்கிறது.

டிசம்பர் பௌர்ணமிப் போயாவோடு சிவனொளிபாதமலை சீசன் தொடங்கும். நல்லதண்ணிப் பக்கமாக ஏறுவோம். ஐயாயிரத்துக்கு மேல் படி, எனக்குத் தெரியும். முழுவதும் ஏற வேண்டும் என்றில்லை, உன் முழங்கால் எந்த இடத்தில் போதும் என்கிறதோ அங்கே உட்கார்ந்து பிளேன்டி குடித்துவிட்டு இறங்குவோம். அதற்கு நாலு மாதம் இருக்கிறது. நவம்பரில் இங்கே வந்து என்னோடு ஒரு மாதம் இரு. மருமகள் பேரனைப் பார்த்துக்கொள்வாள். கண்டியில் இறங்கி ஹட்டன் பஸ் எடு, நான் ஹட்டனுக்கு வந்து நிற்கிறேன்.

அப்பாவின் கம்பு உன்னிடம்தானே இருக்கிறது? அவர் நெற்றி உயரத்துக்கு இருக்கும், நம் இருவருக்கும் கொஞ்சம் நீளம்தான். பரவாயில்லை, பஸ்ஸில் எடுத்து வா. மாஸ்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன்
சரோ